கிராமா, மோலா? பொட்டலத்துக்குள் ஒரு கணக்கு

வீட்டில் சின்னஞ்சிறு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. காலையிலிருந்து ஆறேழு முறை போய்விட்டது. கண்கள் குழி விழுந்திருக்கின்றன, நாக்கு உலர்ந்திருக்கிறது. வாப்பா மருந்துக் கடைக்கு ஓடிப் போய் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை வாங்கி வருகிறார். ‘முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் நீரில் கரைக்கவும்’ என்று அதன் மேல் அச்சிட்டிருக்கிறது. உம்மா யோசிக்கிறார். ‘இத்தனை சிறிய பிள்ளை ஒரு லிட்டர் தண்ணீரை எங்கே குடிக்கப் போகிறது? ஒரு டம்ளர் தண்ணீரிலேயே கரைத்துக் கொடுத்தால் மருந்தும் வீணாகாது, வீரியமும் கூடும்.’

அன்புள்ள வாசகர்களே! அந்தத் தாயின் பாசத்தில் குறையேதும் இல்லை. கணக்கில்தான் பிழை நேர்ந்துவிட்டது. அந்த ஒரு டம்ளர் கரைசல், பிள்ளையின் உடலுக்கு நீரைக் கொடுப்பதற்கு மாறாக, உடலில் எஞ்சியிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடக் கூடும். ஏன் அப்படி? இதற்கான விடை பள்ளிப் பிள்ளைகளின் வேதியியல் நூலில் இருக்கிறது. ‘மோலார் நிறை’ என்று ஒரு பாடம் அதில் வரும். தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற பாடம் அது. ஆயினும், நோயுற்ற பிள்ளையின் பாயருகே விழித்திருக்கும் தாய்க்கும் அந்தப் பாடம் உதவும். எப்படி என்பதைப் பார்ப்போம்.

எடை வேறு, எண்ணிக்கை வேறு

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பல பொட்டலங்களில் இரண்டு பட்டியல்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதற்பட்டியல் கிராம் கணக்கு: சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு 2.6 கிராம்; குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். ஆக மொத்தம் 20.5 கிராம்.

இரண்டாவது பட்டியல் ‘மில்லிமோல்’ கணக்கு. ஒரு லிட்டர் கரைசலில் சோடியம் 75, குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. கூட்டுத்தொகை 245 என்று அதில் இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் நிறுவனமும் 2002-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட அளவு இது.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. முதற்பட்டியலில் குளுக்கோஸ், உப்பைப் போல ஐந்து மடங்கு எடையுள்ளது. இரண்டாவது பட்டியலிலோ குளுக்கோஸும் சோடியமும் 75, 75 என்று சரிசமமாக நிற்கின்றன. ஒரே பொட்டலம், ஒரே தூள். எடையில் ஏற்றத்தாழ்வு, மோலில் சமம். இஃது எவ்வாறு?

பாசிமணி கோத்து விற்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய மணி, ஒரு பெரிய மணி என மாறி மாறிக் கோக்க வேண்டும். ஆயிரம் ஆயிரமாக மணிகளை எண்ணிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை, தராசைத்தான் நம்புகிறார். நூறு சிறிய மணிகள் 20 கிராம், நூறு பெரிய மணிகள் 60 கிராம் என்பது அவருக்குத் தெரியும். 200 கிராம் சிறிய மணிகளை எடுத்தால் அவற்றுக்கு ஈடாகப் பெரிய மணிகள் 600 கிராம் எடுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஆயிரம் ஆயிரமாக அமையும். இரண்டையும் 200 கிராமாக நிறுத்தாரானால் மாலை பாதியிலேயே நின்றுவிடும்.

வேதியியலாரின் நிலையும் இதுதான். அணுக்களும் மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று சேர்வது எண்ணிக்கையில். நம் கையிலோ தராசுதான் இருக்கிறது. தராசு காட்டும் எடையை எண்ணிக்கையாக மாற்றித் தரும் பாலமே மோலார் நிறை.

மோல் என்பது ஒரு பெரிய டஜன்

பன்னிரண்டு பொருள்களை ஒரு டஜன் என்கிறோம். அது வாழைப்பழமாகவும் இருக்கலாம். கண்ணாடி வளையலாகவும் இருக்கலாம். அவ்வாறே மோல் என்பதும் ஓர் எண்ணிக்கைதான். ஆனால் மிகப் பெரிய எண்ணிக்கை. 602214076 என்று எழுதி, அதன் பின் 15 சுழியங்களைச் சேர்த்தால் வரும் எண் அது. நம் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ 602 கோடி கோடி கோடி.

1811-ஆம் ஆண்டில், ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளும் சம எண்ணிக்கையில் இருக்கும் என்று கூறிய இத்தாலிய அறிஞர் அவகாட்ரோவின் பெயரால் இந்த எண் வழங்குகிறது. அந்தப் பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ழான் பெர்ரன், ஆண்டு 1909. முன்பெல்லாம் 12 கிராம் கார்பனைக் கொண்டு மோலை வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் மேலே சொன்ன எண்ணையே வரையறையாகக் கொண்டுவிட்டார்கள்.

இத்தனை பெரிய எண்ணை யார் எண்ணிப் பார்ப்பது? எண்ண வேண்டுவதே இல்லை. ஒவ்வொரு தனிமத்துக்கும் அட்டவணையில் ஓர் அணு நிறை உண்டு. ஹைட்ரஜன் 1, கார்பன் 12, ஆக்சிஜன் 16, சோடியம் 23, குளோரின் 35.5, பொட்டாசியம் 39.1. அந்த எண்ணுக்குப் பின்னால் ‘கிராம்’ என்று எழுதிவிட்டால் அதுவே அத்தனிமத்தின் ஒரு மோல் அணுக்களின் நிறை. சேர்மமாக இருந்தால், அதிலுள்ள அணுக்களின் நிறைகளையெல்லாம் கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

நீரை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. 1, 1, 16 ஆகியவற்றைக் கூட்டினால் 18. ஆகவே நீரின் மோலார் நிறை 18 கிராம். ஒரு மிடறு தண்ணீர் ஏறக்குறைய 18 கிராம் இருக்கும். ஒரு மிடறு விழுங்கும்போது 602 கோடி கோடி கோடி நீர் மூலக்கூறுகள் நம் தொண்டையில் இறங்குகின்றன!

நினைவில் கொள்ள வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான். கிராமை மோலார் நிறையால் வகுத்தால் மோல் கிடைக்கும். மோலை மோலார் நிறையால் பெருக்கினால் கிராம் கிடைக்கும். ஒரு மோலின் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல்.

பொட்டலத்தைக் கணக்கிடுவோம்

இப்போது காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளுக்கோஸ்: இதன் மூலக்கூறில் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. நிறை முறையே 72, 12, 96. கூட்டினால் 180. பொட்டலத்தில் இருப்பது 13.5 கிராம். 13.5-ஐ 180-ஆல் வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல்.

சமையல் உப்பு: சோடியம் 23, குளோரின் 35.5, மோலார் நிறை 58.5. 2.6-ஐ 58.5-ஆல் வகுத்தால் 44.4 மில்லிமோல். உப்பு நீரில் கரைந்ததும் சோடியமும் குளோரைடும் தனித்தனியே பிரிந்துவிடும். எனவே சோடியம் 44.4, குளோரைடு 44.4.

பொட்டாசியம் குளோரைடு: 39.1, 35.5, மோலார் நிறை 74.6. 1.5-ஐ இதனால் வகுத்தால் 20.1 மில்லிமோல். பொட்டாசியம் 20.1, குளோரைடு இன்னும் ஒரு 20.1.

டிரைசோடியம் சிட்ரேட்: மோலார் நிறை 294. 2.9-ஐ வகுத்தால் ஏறத்தாழ 9.9 மில்லிமோல். பெயரிலேயே ‘டிரை’ இருக்கிறது; ஒரு மூலக்கூறுக்கு மூன்று சோடியம். ஆகவே இதிலிருந்து வரும் சோடியம் 29.6.

சோடியத்தை எல்லாம் கூட்டுங்கள்: 44.4, 29.6, ஆக 74. குளோரைடு: 44.4, 20.1, ஆக 64.5. பொட்டலத்தில் 75 என்றும் 65 என்றும் முழுமைப்படுத்தி அச்சிட்டிருக்கிறார்கள். கிராமிலிருந்து மில்லிமோலுக்கு நாம் நம் கையாலேயே வந்து சேர்ந்துவிட்டோம்!

ஒளிந்திருக்கும் தண்ணீர்

மேலே சிட்ரேட்டுக்கு 294 என்று எழுதினோம். அதன் அணுக்களை மட்டும் கூட்டிய மாணவருக்கு 258-தான் வந்திருக்கும். மீதி 36 எங்கிருந்து வந்தது? அந்தப் படிகத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு நீர் மூலக்கூறுகளைத் தன்னுடன் வைத்திருக்கிறது. இரண்டு 18 சேர்ந்து 36. இதைப் படிக நீர் என்பார்கள். பார்வைக்கு உலர்ந்த தூள். தராசிலோ தண்ணீரின் எடையும் ஏறும். பெயரின் இறுதியில் ‘டைஹைட்ரேட்’ என்று இருந்தால் இதுதான் பொருள். ‘மோனோஹைட்ரேட்’ என்றால் ஒரு நீர்.

குளுக்கோஸிலும் இந்த இரண்டு வகை உண்டு. நீரற்ற குளுக்கோஸ் 180. ஒரு நீருடன் கூடியது 198. 20 கிராம் நீரற்ற குளுக்கோஸை 180-ஆல் வகுத்துப் பாருங்கள். 22 கிராம் மோனோஹைட்ரேட்டை 198-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் 111 மில்லிமோல்தான் வரும். எடை வேறு, எண்ணிக்கை ஒன்றே. இந்த 22 கிராம் என்ற அளவு பல்லாயிரம் உயிர்களோடு தொடர்புடையது. அந்த வரலாற்றையும் அறிந்துகொள்வோம்.

போன்காவ் முகாமில்

சோடியமும் குளுக்கோஸும் எண்ணிக்கையில் இணைந்து நிற்க வேண்டும் என்பது ஏன்? நம் சிறுகுடலின் சுவரில் நுண்ணிய வாயில் ஒன்று உண்டு. ஒரு குளுக்கோஸும் இரண்டு சோடியமும் சேர்ந்து வந்தால் அது திறந்து உள்ளே விடும். அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்லும். இவ்விரண்டும் இணைந்தே உட்செல்கின்றன என்ற கருத்தை 1960-இல் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் வெளியிட்டார். காலரா நோய் குடலை எவ்வளவு வாட்டினாலும் இந்த வாயில் மட்டும் பழுதாவதில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகிய மருத்துவர்கள், இத்தகைய கரைசலைக் காலரா நோயாளிகளுக்கு வாய் வழியாகவே கொடுத்து, நரம்பில் ஏற்றும் திரவத்தின் தேவையைப் பெருமளவு குறைக்கலாம் என்று காட்டினர்.

1971-இல் வங்கதேச விடுதலைப் போர் மூண்டது. இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்க எல்லைக்குள் வந்தார்கள். போன்காவ் என்ற எல்லை ஊரில் காலரா தலைவிரித்தாடியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. கொல்கத்தாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் ஒரு துணிந்த முடிவெடுத்தார். 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா ஆகியவற்றை ஒரு லிட்டர் நீருக்கு என்ற கணக்கில் கலந்து, பெரிய கலன்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். சிகிச்சை போதாத இடங்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மடிந்துகொண்டிருந்த நோயில், அவருடைய முகாமில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022-இல் அவர் மறைந்தார். மறைவுக்குப் பின் 2023-இல் பத்ம விபூஷண் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

மோல் என்பதை உலக அளவைகளின் அடிப்படை அலகுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டதும் அதே 1971-ஆம் ஆண்டுதான்.

ஒரு டம்ளரில் என்ன நேர்கிறது?

இனி நம் பிள்ளையிடம் திரும்புவோம். மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் சற்று நேரத்தில் நீர் விடும். மீனுக்கு உப்பிட்டுக் கருவாடு போடும்போதும் மீனிலிருந்து நீர் வெளியேறும். கரைந்த துகள்கள் குறைவாக உள்ள இடத்திலிருந்து அதிகமாக உள்ள இடத்துக்கு நீர் நகர்வதே இதற்குக் காரணம். சவ்வூடு பரவல் என்று பாடநூல் கூறுவது இதைத்தான். இங்கே நீரை இழுப்பது துகள்களின் எண்ணிக்கை. அவற்றின் எடை அன்று.

நம் இரத்த நீரில் கரைந்துள்ள துகள்கள் லிட்டருக்கு ஏறத்தாழ 290 மில்லிமோல். முறையாகக் கரைத்த ஓ.ஆர்.எஸ். 245. இரத்தத்தைவிடக் குறைவு, ஆகவே நீர் குடலிலிருந்து உடலுக்குள் செல்ல வழி எளிதாகிறது. 2002-க்கு முந்திய பொட்டலங்களில் இது 311-ஆக இருந்தது. அளவைக் குறைத்த பின் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் குறைந்தன. நரம்பில் திரவம் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது. அதனால்தான் மாற்றினார்கள்.

ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை 200 மில்லி டம்ளரில் கரைத்தால் செறிவு ஐந்து மடங்காகும். 245-ஐ ஐந்தால் பெருக்குங்கள்: 1225! இரத்தத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மாங்காய்த் துண்டுக்கு நேர்வது பிள்ளையின் உடலுக்கு நேரும். ஏற்கெனவே நீரிழந்த உடல் மேலும் நீரை இழக்கும். இரத்தத்தில் உப்பும் ஆபத்தான அளவுக்கு ஏறும். மாறாக, இரண்டு லிட்டரில் கரைத்தாலோ சோடியம் பாதியாகிவிடும். இழந்த உப்பு ஈடாகாது.

ஆகவே, சகோதரிகளே, கரைசலை முழு அளவில் தயாரியுங்கள். பிள்ளைக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். மிஞ்சியதை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிடலாம். கொட்டுவதில் நட்டம் ஒன்றுமில்லை. 200 மில்லிக்கென்றே சிறு பொட்டலங்களும் விற்கப்படுகின்றன. எத்தனை நீருக்கு என்பதைப் படித்த பிறகே கிழியுங்கள். பிள்ளை குடிக்க இயலாமல் துவண்டாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

வீட்டுச் சர்க்கரையும் கடைப் பானமும்

பொட்டலம் கிடைக்காத வேளையில், ஒரு லிட்டர் நீரில் சமதளமாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கச் சொல்வார்கள். பொட்டலத்தில் 13.5 கிராம் இனிப்புதானே. வீட்டில் மட்டும் ஏன் ஆறு கரண்டி? மோலார் நிறையைக் கேளுங்கள். சமையல் சர்க்கரையின் மோலார் நிறை 342. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இணைந்த இரட்டை மூலக்கூறு அது. குடலில்தான் இரண்டாகப் பிரியும். 75 மில்லிமோல் குளுக்கோஸ் வேண்டுமானால் 75 மில்லிமோல் சர்க்கரை வேண்டும். 0.075-ஐ 342-ஆல் பெருக்கினால் 25.65 கிராம். ஆறு தேக்கரண்டியின் எடை ஏறக்குறைய அதுதான்!

கடையில் விற்கும் இனிப்புப் பானத்தையும் அளந்து பார்ப்போம். 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை என்று புட்டியில் போட்டிருந்தால், லிட்டருக்கு 100 கிராம். 342-ஆல் வகுத்தால் 292 மில்லிமோல். சர்க்கரை ஒன்று மட்டுமே முழு ஓ.ஆர்.எஸ். கரைசலையும் மிஞ்சிவிட்டது. குடலில் அது இரண்டாகப் பிரிந்தால் இன்னும் இரு மடங்கு. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளைக்கு இது மருந்தாகுமா? 2025 அக்டோபரில், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், சாதாரணப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைச் சேர்க்கக் கூடாதென்று ஆணையிட்டது. ஆணை இருந்தாலும், புட்டியைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

கடல் கடந்து வந்த காகிதம்

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு வரும் பெரியும்மா, அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் கொண்டு வருகிறார். சர்க்கரை 14 என்று இருக்கிறது. நம் ஊரில் 126, 180 என்று கேட்டுப் பழகிய வீட்டார், ‘பதினான்குதானே, மிகவும் குறைந்துவிட்டது’ என்று கருதி இனிப்பைக் கரைத்துக் கொடுத்தால் என்னவாகும்?

அங்கே அளப்பது லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று. இங்கே அளப்பது 100 மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று. குளுக்கோஸின் மோலார் நிறை 180. ஆகவே ஒரு மில்லிமோல் என்பது 180 மில்லிகிராம். அது ஒரு லிட்டரில் இருந்தால் 100 மில்லியில் 18. எனவே அங்கத்திய எண்ணை 18-ஆல் பெருக்க வேண்டும். 14 என்பது 252! குறைவு அன்று, மிகவும் அதிகம். வெறும் வயிற்றில் 7 என்றால் 126; நீரிழிவு நோயைக் கண்டறியும் எல்லை அது.

ஆனால் ஒன்று. இந்த 18 குளுக்கோஸுக்கு மட்டுமே உரியது. கொலஸ்டிராலின் மோலார் நிறை ஏறத்தாழ 387. அதற்குப் பெருக்க வேண்டிய எண் 38.7. அங்கே 5.2 என்றால் இங்கே 201. ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் மோலார் நிறையே சாவி. ஒன்றின் சாவியால் மற்றொன்றின் பூட்டைத் திறக்க முடியாது.

வாசகர்களே! உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்போ பதினொன்றாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், இன்று மாலை ஓர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதன் கையில் கொடுத்து, ‘இந்தக் கிராமை மில்லிமோலாக்கிக் காட்டு’ என்று கேளுங்கள். 75 என்ற விடை வரும்போது, தான் படிக்கும் பாடம் எதற்கென்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ஒரு லிட்டர் நீரில் ஒரு பொட்டலம் என்பது எதற்கென்று உங்களுக்கும் மறக்காது.